விண்ணைக் காணும் குழாய் நம் கையால் ஆகவேண்டும்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டின் சுடரைக் காசிமேட்டிலும் எண்ணூரிலும் கரையில் நின்றே கண்டு பழகிய வடசென்னை மக்களுக்கு, 2015 செப்டம்பர் 28 அன்று விண்ணேறிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளினுள் எத்தகைய அபூர்வமான கண் அமைந்திருந்தது என்பதை யாரேனும் விஸ்தாரமாக எடுத்துரைத்திருக்க வேண்டும்.

நட்சத்திரங்களின் புறஊதாக் கிரணங்களில் பெரும்பகுதியை வாயுமண்டலம் தடுத்துவிடுவதால், காவலூர் வானாய்வகத்தில் எத்தனை பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும் அவை புலப்படா. ஆகவே பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார், பிற நிறுவனங்களோடு கூடி, சுமார் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரட்டைத் தொலைநோக்கிகளை விண்ணுக்கு அனுப்பினர். அவற்றின் குவிமையத்தில் இருப்பது காற்றை அறவே நீக்கி மூடிய காமிராக் குழாய். ஒளித்துகள் ஒன்று அதன் முகப்புப் பூச்சில் பட்டதும் ஓர் எலெக்ட்ரான் வெளிப்பட்டு, மயிரிழையினும் நுண்ணிய துளைகள் நிறைந்த கண்ணாடித் தகட்டினூடே பாய்ந்து, பன்மடங்காகப் பெருகி, பாஸ்பர் திரையில் புள்ளியாய் ஒளிர, பின்னுள்ள சில்லு அதன் ஸ்தானத்தைக் குறித்துக்கொள்கிறது. இவ்விதம் ஒவ்வொன்றாய் எண்ணிச் சேர்த்த ஒளியினால்தான், 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள காலக்ஸியொன்றின் புறஊதா ஒளி கண்டறியப்பட்டதாக 2020-இல் நம் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

அக்குழாய்களைச் செய்தது இங்கிலாந்தின் ஃபோட்டெக் நிறுவனம். அதனால் நம்மவர் சாதனைக்குக் குறைவில்லை. எனினும் அந்த வித்தை நம் வசமாகாதிருப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. குழாய்களின் காலம் முடிந்துவிட்டதென்பார் உண்டு. ஹப்பிள் விண்தொலைநோக்கிக்காகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலம் உழைத்து உருவாக்கிய விடிகான் குழாயைச் சிசிடி சில்லு வென்றது மெய்யே. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொருட்படுத்தாமல் மங்கலான புறஊதாத் துகள்களைத் தனித்தனியே எண்ணும் காரியத்தில் குழாய்க்கு இன்றும் மதிப்புண்டு.

அந்நிய வித்தையை வசமாக்குவது நமக்குப் புதிதன்று. 1955-இல் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியவர்கள், காலக்கிரமத்தில் முழு வண்டியையும் திருவொற்றியூரிலேயே செய்தனர். இருளில் காணும் கருவிகளுக்கான ஒளிபெருக்கிக் குழாய்கள் புனேயில் உற்பத்தியாகின்றன. அஸ்திவாரம் இருக்கிறது; ஆனால் ஆண்டுக்குச் சில குழாய்களே தேவைப்படும் இத்தொழிலில் லாபத்தை நம்பி எந்த முதலாளியும் இறங்கமாட்டார். ஆகையால் அடுத்த புறஊதாத் தொலைநோக்கிக்குத் திட்டமிடும்போதே குழாய்க்குரிய கொள்முதல் ஆணையை மத்திய அரசு உள்நாட்டுக்கு உறுதிசெய்து, வெற்றிடத்துக்கு ஈடுகொடுக்கும் இணைப்பு வேலையைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் பயிற்றுவிக்கவேண்டும்.