கழக்கூட்டத்தில் கழலாத நட்

திருவனந்தபுரத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் கழக்கூட்டம், 1990-ல் டெக்னோபார்க் வந்த பிறகு கம்ப்யூட்டர்காரர்களின் ஊராகிவிட்டது. 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், 2022-ல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மேலும் கீழும் இளைஞர்களின் கார்கள் பறக்கின்றன. அவற்றில் சில, சக்கரங்களை வெளியே தள்ளிக்கொண்டு, தோளை அகட்டி நடக்கும் பயில்வான் போலப் போகும். பயில்வானின் தோளுக்குக் கசரத் காரணம். காரின் தோளுக்குக் காரணம் ஸ்பேசர்.

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற வட்டத் தகடு. பெரும்பாலும் அலுமினியம். மெல்லிய ரகத்தைச் சும்மா செருகிவிட்டு மேலே சக்கரத்தை மாட்டுவார்கள். தடித்த ரகத்தை முதலில் ஹப்பில் நட் போட்டு முடுக்குவார்கள். பிறகு அதிலேயே இருக்கும் வேறு ஸ்டட்களில் சக்கரம் ஏறும். உள்ளே இருக்கும் அந்த முதல் வரிசை நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. தளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில்தான் மரையில் பசையைத் தடவுகிறார்கள். வொர்க்‌ஷாப்பில் எந்தக் கம்பெனிப் பசையானாலும் அதற்குப் பெயர் லாக்டைட்.

பூட்டியது சரி. ஒருநாள் கழற்ற வேண்டி வருமே? கேரளத்தில் அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. பயில்வான் தோளைக் குறுக்கிக்கொள்வதே நல்லது என்று சொந்தக்காரருக்குத் தோன்றுவது இயல்பு.

ஸ்பானரை மாட்டுகிறார்கள். அசையவில்லை. ஸ்பானரில் நீளமான குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்குகிறார்கள். டக்கென்று ஒரு சத்தம். நட் கழன்றது என்று நினைத்தால், ஸ்டட் முறிந்திருக்கிறது. பழி, வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் தலையில்.

பையன் மேல் தப்பில்லை. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் முதலில் கேட்கவில்லை. பிடிப்பவை இரண்டு: ஒன்று பசை, இன்னொன்று துரு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பசை 1953-ல் பிறந்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் உருவாக்கியது. இதன் குணம் விசித்திரமானது. மற்றப் பசைகள் காற்றுப் பட்டால் காயும். இது காற்று இல்லாவிட்டால்தான் இறுகும். குப்பியை முழுக்க நிரப்பாமல் விற்பது ஏமாற்று அல்ல. உள்ளே காற்று இருக்க வேண்டும் என்பதற்காக. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே, காற்றுப் புகாத இடுக்கில், உலோகத்தைத் தொட்டதும் திரவம் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். பொதுவாக நீலம் சாதாரண ஸ்பானருக்கு இளகும், சிவப்பு இளகாது. நிறக் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல, குப்பியில் உள்ளதைப் படிப்பது உத்தமம். இறுகிய பசைமேல் மண்ணெண்ணெயை எவ்வளவு ஊற்றினாலும் பயன் இல்லை. அது மசிவது சூட்டுக்கு மட்டும். சிவப்பு ரகத்துக்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு சூடாகத் திருக வேண்டும். ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

சூடு காட்டுவதிலும் நிதானம் வேண்டும். நட்டுக்குத்தான் சூடு, அலுமினியத் தகட்டுக்கு அல்ல. நட் சிவக்கக் கூடாது. சிவந்தால் 250 டிகிரியை எப்போதோ தாண்டியாயிற்று, ஸ்டட்டின் உறுதியும் போயிற்று. பக்கத்திலேயே பேரிங் கிரீஸ், ரப்பர் சீல், பிரேக் ஹோஸ், சென்சார் ஒயர் எல்லாம் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு நட்டாக, சிறிது நேரம், காற்றோட்டமான இடத்தில். முதலில் எண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் நெருப்பைக் காட்டுவது தற்கொலை முயற்சி. பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவைப்பதும் வேண்டாம்.

நட்டுகள் வந்த பிறகும் தகடு வராமல் அடம் பிடிக்கலாம். அது இரண்டாவது வியாதி. இரும்பு ஹப்பும் அலுமினியத் தகடும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து இடுக்கை அடைக்கும். உப்பு சேர்ந்தால் வேகம் அதிகம். கழக்கூட்டத்துக்குக் கடல் அருகில். 1963-ல் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா கடற்கரை சில கிலோமீட்டரில் இருக்கிறது. உப்புக் காற்றும் வருஷத்தில் இரண்டு பருவமழையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? இங்கேதான் துரு இளக்கும் எண்ணெய்க்கு வேலை. நெருப்பெல்லாம் அணைந்து, எல்லாம் ஆறிய பிறகு விளிம்பில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் தகடும் வரும், பேரிங்கும் போகும்.

கழற்றியாயிற்று, பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்றால், உண்மையான ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. தகடு ஒழுங்காக உட்காரவில்லை என்று முன்பு யாரோ ஹப்பின் ஸ்டட் நுனிகளை அறுத்திருக்கலாம். ஸ்பேசர் இருந்தவரை அது தெரியாது. இப்போது நட்டுக்குப் பிடிமானம் போதாது. சோதனை எளிது: ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது நட் ஏற வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.5 மில்லிமீட்டர் மரை என்றால் கையால் 8 சுற்று. குறைந்தால் ஸ்டட்டை மாற்றாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. முறுக்கிய, சிவந்த ஸ்டட்களுக்கும் இதே தீர்ப்பு. சூடு கண்ட ஸ்பேசரை நண்பனுக்குத் தானம் செய்ய வேண்டாம். அந்த அலுமினியத்தின் வலு குறைந்திருக்கும். சக்கர நட்டுகளைப் பொதுவாகப் பசை, எண்ணெய் எதுவுமில்லாமல், கையேடு சொல்லும் முறுக்கில் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

சக்கரம் ஓடுகிற வண்டியிலிருந்து கழன்றால் அது வண்டிக்காரரோடு நிற்காது. நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர் ஸ்பேசரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். உருண்டு வரும் சக்கரம் தேடிப் போவது அவரைத்தான். எனவே பூட்டுகிறவர் ஒன்று செய்யலாம்: எந்தப் பசை, எந்தத் தேதி, ஸ்டட்டை அறுத்தோமா இல்லையா என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். அந்த ஒரு வரி, நாளைக்குக் கழற்றப்போகும் பையனிடம் குழாய்க்குப் பதில் சரியான கருவியைக் கொடுக்கும்.