இலை மூடும் வரை

சிங்கவரம் குடைவரைக் கோயிலில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டுப் படியிறங்கினால் செஞ்சியில் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன். போன பௌர்ணமி மதியம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் நிற்கவும் இடமில்லை. திண்டிவனம் பக்கமிருந்து கிரிவலத்துக்குப் போகிறவர்கள் பசியாறும் ஊர் இது.

எதிரில் ஒரு வயதான தம்பதி. ஒரு அளவுச் சாப்பாடு சொன்னார்கள். சர்வர் எதுவும் கேட்காமல் இரண்டு இலை போட்டார். பெரியவருக்குக் கை நடுக்கம். அந்த அம்மா மோரையும் முடித்தபோது அவர் சாம்பாரைத் தாண்டவில்லை. நாற்காலிக்குப் பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள். இலை எடுப்பவர் வாளியோடு வந்தார். சர்வர் கண் காட்டியதும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். மனைவியின் இலையை எடுத்திருந்தால், பெரியவர் அரைவயிற்றோடு எழுந்திருப்பார்.

காசு கொடுக்கும்போது, யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று சர்வரிடம் கேட்டேன். “கையைத்தான் சார் பாக்கணும். சோத்துல கை தேடிக்கிட்டே இருந்தா கொழம்பு வேணும். எல ஓரத்துல போய் நின்னுட்டா மோர் எடுத்துட்டுப் போவணும்” என்றார். முப்பது இலைகளுக்கு நடுவே இதைப் பார்க்கிற கண்ணை நான் படிப்பு என்றே சொல்வேன்.

என் பள்ளி நாட்களில் இந்தக் கடைகளில் இலை எடுத்தவன் என் வயதுப் பையன். நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. 2006 அக்டோபர் 10 முதல், 14 வயது நிரம்பாத பிள்ளைகளை உணவகங்களில் வேலைக்கு வைக்கத் தடை வந்தது. பையன்கள் போனார்கள், எங்கள் பார்வை போகவில்லை. பரிமாறுகிறவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறோம். எச்சில் இலை எடுப்பவரிடம் வாய் திறப்பதில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. நான் அங்கிருந்த ஒரு மணி நேரமும் சர்வரும் இலை எடுப்பவரும் உட்காரவேயில்லை.

பெரியவர் கடைசியில் இலையைத் தம் பக்கமாக மடித்தார். அதுவரை திறந்தே வைத்திருந்த தன் இலையை அந்த அம்மாவும் மடித்தார். வாளிக்காரர் வந்து இரண்டையும் சேர்த்து எடுத்தார்.

“தம்பி, நீ சாப்ட்டியாப்பா?” என்று கேட்டார் பெரியவர்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, “இனிமேதாங்க ஐயா” என்றார்.