அடுப்படி என்ன, தோற்றவர்கள் போகிற இடமா?

நான் ஒரு இல்லத்தரசி. வயது 37. படிப்பு பத்தாவது. பிறந்தது ஜாபர்கான்பேட்டை, வாக்கப்பட்டு வந்தது பக்கத்திலேயே அசோக் நகர். கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. மகன் எட்டாவது, மகள் ஐந்தாவது படிக்கிறார்கள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது ஒரு சினிமாப் படம். சிரிக்காதீங்க தோழிகளே, விஷயம் இருக்கு!

எனக்குச் சினிமான்னா உயிர். எங்கள் ஏரியா அப்படி. ஒரு பக்கம் வடபழனியில் ஸ்டுடியோ, இன்னொரு பக்கம் காசி தியேட்டர், நடுவில் அசோக் பில்லர் பக்கத்தில் உதயம் காம்ப்ளெக்ஸ். உதயம், சூரியன், சந்திரன் என்று ஒரே இடத்தில் தியேட்டர்கள். ஒன்றில் டிக்கெட் கிடைக்காவிட்டால் இன்னொன்று. சின்ன வயசில் அப்பா கையைப் பிடித்துக் கொண்டு போனது, கல்யாணமான புதுசில் இவரோடு நடந்தே போனது, பையன் கைக்குழந்தையாக இருந்தபோது பாதிப் படத்தில் அழுகிறான் என்று வெளியே தூக்கி வந்து நின்றது... எல்லாம் அங்கேதான். நாற்பது வருஷம் ஓடிய அந்தத் தியேட்டரை 2024-ல் மூடினார்கள். அப்புறம் இடித்தும் விட்டார்கள். அந்த வழியாகக் காய்கறிப் பையோடு வரும்போது இப்பவும் மனசு என்னவோ செய்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் படம் என்றால் ஹாலில் இருக்கும் டிவிதான். இதில் ஒரு வித்தியாசம் இருப்பதைக் கவனித்தேன். தியேட்டரில் விசில் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. விழுந்ததும் கைதட்டலோடு போய்விடும். வீட்டில் பார்க்கும்போது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சொல்வதும் கேட்கிறது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியில் 'மன்னன்' போட்டார்கள். 1992 பொங்கலுக்கு வந்த படம். நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. டிக்கெட் கியூவில் ரஜினியும் கவுண்டமணியும் படும் பாட்டைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஜேசுதாஸ் பாடிய அம்மா பாட்டுக்கு இன்றைக்கும் கண் கலங்கும். இவர் சோபாவில், பிள்ளைகள் தரையில், அத்தை நாற்காலியில். நான் அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்தபடி பாதிப் படம் பார்த்தேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விஜயசாந்தி பெரிய தொழிலதிபர், பெயர் சாந்திதேவி. ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிற கம்பெனியைத் தனியாளாக நடத்துகிறவள். திமிர் பிடித்தவள், ஒத்துக்கறேன். கடைசியில் அவள் மனசு மாறி, கம்பெனியைப் புருஷனிடம் விட்டுவிட்டு, இனி நான் குடும்பத்தலைவி என்று வீட்டோடு இருந்து விடுகிறாள். படம் முடிந்தது. நான் அப்பளம் பொரித்த கரண்டியோடு ஹாலில் நின்று கொண்டிருந்தேன்.

என் மகன் சொன்னான், "சூப்பர்! தோத்துட்டாங்கல்ல... அதான் வீட்ல சமைக்கப் போயிட்டாங்க!"

உடனே என் மகள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள், "அப்போ அம்மா எதுல தோத்தாங்க?"

இவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக் கொண்டார். அத்தைதான் மெதுவாகச் சொன்னார், "நான் நாப்பத்தஞ்சு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கேன் போலிருக்கு, கண்ணு."

அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பிள்ளைகள் மேல் கோபமே இல்லை. அவர்கள் படத்தைச் சரியாகத்தான் புரிந்து கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் புரியாமல் கைதட்டியது நான்தான். வருத்தம் என்னவென்றால், திமிர் பிடித்தவளை அடக்கணும் என்றால், அவளை எங்கே கொண்டு போய் வைக்கிறார்கள்? நான் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து போய் நிற்கிற இடத்தில்! என் அடுப்படி இவர்களுக்கு ஜெயிலா?

அன்று முதல் எனக்குப் பிடித்த படங்களை எல்லாம் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 1999-ல் 'படையப்பா' வந்தபோது எனக்குப் பத்து வயசு. ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரியைப் பார்த்து மிரண்டு போனேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் புடவையைத் தோளில் போட்டுக் கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் படம் என்ன சொன்னது? பொறுமையாக, அடங்கி இருந்த சௌந்தர்யாவுக்கு வாழ்க்கை. ஆசைப்பட்டதை வாய் விட்டுக் கேட்டவளுக்குப் பதினெட்டு வருஷம் இருட்டு அறை, கடைசியில் சாவு. அவள் கெட்டவள், சரி. ஆனால் அடங்கி இருப்பவளை நல்லவளாக்கவே இன்னொருத்தியை இவ்வளவு கெட்டவளாக்குகிறார்களோ என்று இப்போது தோன்றுகிறது. அடங்கி இருப்பதற்காகக் கிடைக்கிற நல்ல பெயர் எனக்கு வேண்டாம். செய்கிற வேலைக்குக் கிடைத்தால் போதும்.

சரி, பழைய படங்கள்தான் இப்படி, புதுசு பரவாயில்லையா? எனக்கு ரொம்பப் பிடித்தது 2015-ல் வந்த '36 வயதினிலே'. கல்யாணம், குழந்தைகள் என்று ஒதுங்கி இருந்த ஜோதிகா திரும்பி வந்த படம். அதில் வசந்தி என்ற அரசாங்க குமாஸ்தா. ஆபீசிலும் மட்டம் தட்டுகிறார்கள், வீட்டில் புருஷனும் மகளும் மதிப்பதில்லை. அவளை விட்டுவிட்டு இருவரும் அயர்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். அவள் மொட்டைமாடியில் மருந்தடிக்காத காய்கறி போட்டு ஜெயிக்கிறாள். அந்தப் படம் பார்த்த வாரமே நானும் இரண்டு தொட்டி வாங்கி வெண்டையும் தக்காளியும் போட்டேன். வெண்டை காய்த்தது, தக்காளியை அணில் தின்றது!

2018-ல் வந்த 'காற்றின் மொழி'யும் அப்படியே. அதிலும் ஜோதிகாதான். பிளஸ் டூ பாஸ் பண்ணாத ஒரு குடும்பப் பெண், ரேடியோவில் ராத்திரி நிகழ்ச்சி நடத்த வருகிறாள். படிப்பைச் சொல்லிக் கூடப்பிறந்தவர்களே மட்டம் தட்டும் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. பத்தாவதோடு நின்றவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இரண்டும் நல்ல படங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சின்ன ஏமாற்றம். வசந்திக்கு வீட்டில் எப்போது மரியாதை வருகிறது? ராஷ்டிரபதி கூப்பிட்ட பிறகு! விஜயலட்சுமிக்கு? ஊரே அவள் குரலைக் கேட்ட பிறகு! அதுவரை அவள் பண்ணிய சமையல், பார்த்த குழந்தை, துவைத்த துணி எல்லாம் என்ன கணக்கு? நம்மில் எத்தனை பேரை ராஷ்டிரபதி கூப்பிடப் போகிறார்? ஒரு வகைப் படத்தில் அடுப்படி தண்டனை. இன்னொரு வகைப் படத்தில் அங்கிருந்து தப்பித்தால்தான் வெற்றி. அங்கேயே நின்று வேலை பார்க்கிறவளுக்கு இரண்டிலும் இடமில்லை.

'தி கிரேட் இண்டியன் கிச்சன்' பார்த்தீர்களா? மலையாளத்தில் 2021-ல் வந்தது, 2023-ல் தமிழிலும் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து வந்தது. நறுக்குவது, அரைப்பது, துடைப்பது, ஒழுகும் பைப்படியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது... எங்கள் வேலையை இவ்வளவு உண்மையாக வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆம்பிளைகள் சாப்பிட்டுவிட்டுப் போன மேஜையைக் காட்டும்போது, நான் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். இவர் தட்டை எடுத்துக் கொண்டு எழுந்து போனார்! கடைசியில் அவள் அந்த வீட்டை விட்டே போகிறாள். அவள் இருந்த நிலைமைக்கு அது சரி. ஆனால் எனக்குப் போக வேண்டாம். எனக்கு இந்த வீடு பிடிக்கும், இந்த மனுஷர்கள் பிடிக்கும். என் கை ரசம் எனக்கே பிடிக்கும். நான் இங்கேயே இருந்துகொண்டு மரியாதை கேட்கிறேன். அதற்கு ஒரு படம் இல்லையா?

யோசித்துப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. 1986-ல், நான் பிறப்பதற்கு முன்னாலேயே, விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்'. எங்கள் பக்கத்து வடபழனி ஏ.வி.எம். தயாரித்த படம். தேசிய விருதும் வாங்கியது. அதில் மூத்த மருமகள் உமாவாக லட்சுமி. வீட்டு நடுவில் கோடு போடுகிற அளவுக்குச் சண்டை முற்றிய குடும்பத்தை, பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய அந்த மருமகள்தான் யோசித்து யோசித்துச் சரி பண்ணுகிறாள். எல்லாரும் இனி ஒன்றாகவே இருக்கலாம் என்று சந்தோஷப்படும்போது, வேண்டாம், தள்ளி இருந்து பிரியமாக இருப்போம் என்று முடிவெடுப்பதும் அவள்தான். அவள் எந்த ஆபீசுக்கும் போகவில்லை, மேடை ஏறவில்லை. ஆனால் அந்த வீட்டில் மூளை உள்ள ஆள் அவள்தான் என்று படம் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. குடும்பம் நடத்துவது யோசித்துச் செய்கிற வேலை என்று காட்டினாரே விசு... அதுதான் எனக்கு வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

கோர்ட்டுக்கே இது புரிந்துவிட்டது. 2023 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது, பேப்பரில் படித்திருப்பீர்கள். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக் கொண்ட மனைவிக்கும் சரிபாதி பங்கு உண்டு என்று. அவள் வீட்டைப் பார்த்துக் கொண்டதால்தான் அவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்பதுதான் அதன் சாரம். மத்திய அரசு 2024-ல் எடுத்த கணக்கில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், சம்பளம் இல்லாமல்! இதைச் செய்கிறவள் தோற்றவளாம்.

அதற்காக ரஜினி படம் பார்க்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கே 'மன்னன்' போட்டாலும் முதல் ஆளாக உட்காருவேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டேன். பிள்ளைகள் கூட இருக்கும்போது, இது வேடிக்கை, இது தப்பு என்று சொல்லிவிடுவேன். நீங்களும் செய்து பாருங்கள் தோழிகளே. படம் முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் பிள்ளைகளோடு பேசுங்கள். குறிப்பாகப் பையன்களோடு. நாளைக்கு ஒரு பெண் அவனை நம்பி வரப்போகிறாள் இல்லையா?

என் மகனை நான் திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், "இன்னிக்குப் பாத்திரம் நீ கழுவு ராஜா" என்றேன். ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரம். முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை முழுக்க ஈரம். குக்கர் அடியில் பிடித்திருந்ததைத் தேய்த்துத் தேய்த்து, "இதெல்லாம் தினமுமா பண்றேம்மா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் என் மகள் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள், "அண்ணா, நீ எதுல தோத்தே?"

அவனே சிரித்துவிட்டான். அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் அவனுடையது. அடுத்த வாரம் முதல் இவருக்கும் ஒரு வேலை ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். என்ன வேலை கொடுக்கலாம், சொல்லுங்களேன்!

— ஒரு வாசகி, அசோக் நகர், சென்னை-83.