முட்டையை முழங்கையில் பூசுகிறவர்கள்

அண்மையில் ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அந்த வீட்டுச் சிறுமிக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். மேற்கைகள் இரண்டிலும் ஊசிமுனை அளவில் முட்கள் எழுந்தாற்போன்ற சொரசொரப்பு. அதன் மேல் தீப்பட்டது போன்ற கரிய திட்டுகள். விசாரித்தபோது, தேசிக்காய்ச் சாற்றில் உப்பைக் கலந்து தேய்த்துவிட்டு வெயிலில் காயவிட்டதாகத் தாயார் சொன்னார். நான் முகம் சுளித்ததைக் கண்டவர், “ஏன் ஐயா, பேப்பரிலை வந்த வைத்தியமெல்லே?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை. வாரமலர் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், விளம்பரம் கடைசி நேரத்தில் கைவிட்டுப்போய் அரைப் பத்தி வெறுமையாகக் கிடந்த இரவுகளில், பழைய சஞ்சிகைகளைக் கத்தரித்து ‘அழகுக் குறிப்பு’ என்று நிரப்பியவர்களுள் நானும் ஒருவன். எழுதியவர் யார், எந்த வைத்தியர் பார்த்தார் என்று எவரும் கேட்டதில்லை. அமைச்சரின் பேச்சில் ஒரு சொல் பிசகினால் மறுநாள் விளக்கம் கேட்கும் ஆசிரியபீடம், வாசகியின் தோலில் எதைத் தேய்க்கச் சொன்னோம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று கத்தரிக்கோல் செய்ததை இன்று கைத்தொலைபேசி செய்கிறது. ‘இயற்கை’ என்ற ஒரு சொல் முன்னால் நின்றால் போதும், எல்லாம் வைத்தியமாகிவிடுகிறது.

தேசிக்காயும் இயற்கைதான். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், சாற்றிலுள்ள சில பொருட்கள் சூரியனின் புறஊதாக் கதிரோடு வினைபுரிந்து தோலைப் புண்ணாக்கும், கொப்புளம் எழும், கருமை மாதக்கணக்கில் நிற்கும். தீவகத்து வெயிலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

சரி, அந்த முட்கள்தாம் என்ன? பெரும்பாலும் அது கெரற்றோசிஸ் பிலாரிஸ் எனப்படுவது. மயிர்த்துளைகளில் கெரற்றின் என்னும் புரதம் அடைத்துக்கொள்வதால் வருவது. குடும்பவழியாக வரும், பருவ வயதில் மிகும், வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே தணியும். தொற்றாது, கெடுதியும் இல்லை. சொரசொரப்புத் தொல்லையாக இருந்தால் யூரியா அல்லது லக்ரிக் அமிலம் சேர்ந்த பூச்சு உதவும். குளித்தவுடன் ஈரத்தோலில் தேங்காயெண்ணெய் தடவுவதிலும் பழுதில்லை. அந்த ஒரு குறிப்பில் நம் ஆச்சிமார் சரியாகவே இருந்தார்கள். தேய்த்துச் சுரண்டுவதுதான் கேடு. சவர்க் கிணற்று நீரும் காரமான சவர்க்காரமும் ஏற்கெனவே உலர்த்திய தோலை உப்பால் வேறு உரசுவதா?

ஆனால் எல்லாச் சொரசொரப்பும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. என் கோபத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1933இல், கொழும்பில் மருத்துவ ஆய்வாளராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ் இத்தகைய ஒரு தோல்நிலையை விவரித்து அதற்குப் ‘ஃபிரைனோடேர்மா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் தேரைத்தோல் என்று பொருள். முழங்கையிலும் முழங்காலிலும் தொடைகளிலும் கூம்பு கூம்பாக எழும் அந்த முட்களுக்குக் காரணம் உணவில் விற்றமின் ஏ குறைவுபடுவதே என்றார் அவர். பின்வந்த குன்னூர், ஐதராபாத் ஆய்வாளர்கள் அது மட்டுமல்ல என்றார்கள்; இன்றியமையாத கொழுப்பமிலங்களும் பி வகை விற்றமின்களும் குறைந்தாலும் அது வருமென்று காட்டினார்கள். காரணத்தில்தான் வழக்கு. தோலில் தெரிவது தட்டில் இல்லாதது என்பதில் அவர்களுக்குள் வழக்கில்லை. உலக மருத்துவ நூல்களில் ஏறிய இந்தப் பெயர் நம் நாட்டிலிருந்து போனது என்பதை நம் அழகுக்குறிப்புக்காரர்களுள் எத்தனைபேர் அறிவார்கள்?

இப்போது அந்தக் குறிப்புகளை மறுபடி வாசியுங்கள். முட்டையைப் பூசு. பாலைத் தடவு. பப்பாசிப்பழத்தை மசித்து அப்பு. நல்லெண்ணெயால் உருவு. வயிற்றுக்குள் போகவேண்டிய அத்தனையும் முழங்கைக்குப் போகின்றன! முட்டை மஞ்சட்கருவிலும் ஈரலிலும் விற்றமின் ஏ இருக்கிறது. பப்பாசியிலும் முருங்கையிலையிலும் உள்ள கரோட்டினை உடல் விற்றமின் ஏ ஆக்கிக்கொள்கிறது, கூடவே சிறிது எண்ணெய் சேர்ந்தால் நன்றாகவே. நல்லெண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. 2022 செப்டெம்பரில் இந்நாட்டில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. முட்டையை எண்ணி எண்ணிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட தாய்மாரிடம் அதைக் கையில் பூசச் சொல்வது அறியாமை மட்டுமன்று, கொடுமையும்கூட.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிறிய அல்லது சிவந்த படை, காதுமடல் தடிப்பு, தோலில் முடிச்சு இவற்றை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி மாதக்கணக்கில் மறைத்துவைத்தால் நரம்புகள் போய்விடும், விரல்கள் மடங்கிவிடும். மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் நோய் குணமாகும். கெட்டுப்போன நரம்பு திரும்புவதில்லை.

அந்தத் தாயாரிடம் மகளை ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் ஒருமுறை காட்டுங்கள் என்றேன். “இதுக்கெல்லாம் ஆசுப்பத்திரிக்குப் போறதோ ஐயா?” என்றார் அவர். அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். ஆகவே இன்று வாரமலர்ப் பக்கம் கட்டும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள்: அரைப் பத்தி வெறுமையாகக் கிடந்தால், உங்கள் மாவட்டத்தில் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவு எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு இயங்குகிறது என்று விசாரித்துப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அதற்குக் கத்தரிக்கோல் தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.