பயிலுநர் அடகுப் பொருளல்லர்

காசு கொடுத்தவர் கைகட்டி நிற்பதும் காசு வாங்கியவர் அதிகாரஞ் செலுத்துவதும் நம் நாட்டிற் பல இடங்களிற் காணுங் காட்சியாகும். சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் சிலவும் அவ்வரிசையிற் சேர்ந்துள்ளன என்பதை வருத்தத்துடன் கூறவேண்டியிருக்கிறது.

பெரும்போக நெல்லை விற்ற பணத்தில் மகனைப் பயிற்சிக்கு அனுப்புகிறார் ஒரு விவசாயி. முழுக் கட்டணமும் முதல் நாளே பெறப்படுகிறது. பின்னர் நடப்பதென்ன? ஒரு நாள் வாகனம் பழுது. மறுநாள் பயிற்றுநர் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு காரில் நால்வர், ஆளுக்குப் பத்து நிமிடம். வேறு பாடசாலைக்குச் செல்கிறோமென்றால், பற்றுச்சீட்டின் அடியில், “கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது” என அச்சிட்ட வரியைக் காட்டுகிறார்கள். அனுமதிப்பத்திரத்தைக் கேட்டால், “நாளைக்கு வாருங்கள்” என்கிறார்கள்.

சட்டத்தின் நிலையை மக்கள் அறியவேண்டும். பயிலுநர் அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமேயன்றிப் பாடசாலையன்று. அது பயிலுநரின் பெயரிலுள்ள பத்திரம். பாடசாலை மாறினால் அது செல்லாததாகிவிடாது. சேவை வழங்குவோர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதனை வழங்கவேண்டுமென்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கோட்பாடு. கொடாத பாடத்துக்கு வாங்கிய பணத்தை ஓர் அச்சு வரி நியாயமாக்கிவிடும் என நாம் கருதவில்லை.

ஆயினும் மாறுவதிற் செலவுண்டு. புதிய பாடசாலையின் சேர்வுக் கட்டணம், பழகாத வாகனத்திற் கைபழகும்வரை மேலதிக பாடங்கள், பரீட்சை நாளுக்கான வாகனக் கூலி ஆகியவற்றை முதலிற் கணக்கிடுக. அனுமதிப்பத்திரத்தின் ஆயுள் 18 மாதங்களே என்பதையும் மறவாதீர். இரண்டு பாடங்களே எஞ்சியிருப்பின் பொறுத்துக்கொள்வதே இலாபம். பாதிக்குமேல் எஞ்சியிருப்பின் மாறுவதே அறிவுடைமை.

மாறத் துணிந்தவர் முறையோடு மாறுக. பெற்ற பாடங்களைத் திகதி வாரியாக எழுதுக. செலுத்திய தொகை, எஞ்சிய பாடங்கள், திருப்பித் தரவேண்டிய பணம் ஆகியவற்றைக் குறித்துப் பதிவுத் தபாலிற் கடிதம் அனுப்புக, பிரதியொன்றை வைத்திருங்கள். பரீட்சைத் திகதி பழைய பாடசாலை மூலம் பெறப்பட்டதாயின், அது நிலைக்குமா எனத் திணைக்கள அலுவலகத்தில் நேரிற் கேட்டறிக. முறையிட வேண்டியிருப்பின் தாமதியாதீர். அதிகாரசபைக்கான முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்திற் செய்தல் வேண்டும். புதிய பாடசாலையிற் சேருமுன் அதன் பதிவையும் பயிற்றுநரின் உரிமத்தையும் பாருங்கள். பணத்தைப் பாடத்துக்குப் பாடம் கட்டுங்கள்.

நேர்மையாகத் தொழில் நடத்தும் பாடசாலைகள் பலவுண்டு. ஒப்பந்தம் இரு பக்கத்தையும் கட்டும். குறித்த நேரத்துக்கு வராது பயிற்றுநரைக் காக்கவைத்த மாணவர் அப்பாடத்தின் பணத்தைக் கேட்பது முறையன்று. எனவே, ஒரு பாடத்தின் விலை, விலகுவோருக்கான மீளளிப்பு ஆகியவை அவரவர் மொழியில் எழுதப்பட்ட உடன்படிக்கையைப் பதிவின் நிபந்தனையாகத் திணைக்களம் விதிக்கவேண்டும் எனக் கோருகிறோம்.

அரைகுறையாகப் பழகியவர் கையிற் சுக்கான் சேருமாயின், நட்டம் ஒரு குடும்பத்தின் பணத்தோடு நின்றுவிடாது. தெருவில் நடக்கும் பிள்ளைகளும் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.