விற்பதற்கு முன் ஒரு வார்த்தை

நம் வீடுகளுக்கு இப்போது ஒரு புது வகைக் கடிதம் வருகிறது. தபால்காரர் கொண்டு வருவதில்லை. கைபேசியில் வந்து விழுகிறது. “உங்கள் வீடியோவை மிகவும் ரசித்தோம். அதன் உரிமையை எங்களுக்குத் தருவீர்களா? தொலைக்காட்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் கொடுத்து, வருமானத்தில் உங்களுக்கும் பங்கு தருகிறோம். சம்மதமானால் ‘யெஸ்’ என்று பதில் போடுங்கள்.”

யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ வீடியோ போடுகிற எவருக்கும் இது வரலாம். செம்பூரில் தோசை வார்க்கும் பாட்டிக்கு வரலாம். தாராவித் தெருவில் பொங்கல் பானை பொங்குவதைப் படம் பிடித்த இளைஞருக்கு வரலாம். நம் சங்க ஆண்டு விழாவில் மகள் ஆடியதை எடுத்த தந்தைக்கும் வரலாம். பாராட்டு என்று மகிழ்ந்து உடனே ‘யெஸ்’ போடுவதா? மோசடி என்று அழித்துவிடுவதா? இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டை விற்கிறவர் பத்திரத்தைப் படிப்பது போல நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் இது பாராட்டுக் கடிதம் அல்ல, கிரயப் பேச்சு.

இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இது ஒரு தொழில். லாஸ் ஏஞ்சலிஸில் 2009இல் தொடங்கிய ஜூகின் மீடியா, டப்ளினில் 2010இல் தொடங்கிய ஸ்டோரிஃபுல் போன்ற நிறுவனங்கள், சாதாரண மக்கள் எடுத்த வீடியோக்களைத் தேடிப் பிடித்து உரிமை வாங்கி வளர்ந்தவை. 2013இல் ஸ்டோரிஃபுல் நியூஸ் கார்ப் வசம் போனது. 2021இல் ஜூகின் டிரஸ்டட் மீடியா பிராண்ட்ஸ் வசம் போனது. நாம் கொடுத்த உரிமை, கொடுத்தவரிடமே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கடை கைமாறினால் சரக்கும் சேர்ந்தே கைமாறும்.

இவர்களைப் போல வேடம் போடுகிறவர்களும் உண்டு. ஒப்பந்தம் என்று ஒரு கோப்பை அனுப்புவார்கள். அதைத் திறந்தால் நம் சேனலே திருட்டுப் போய்விடும். கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையான நிறுவனமே என்று வைத்துக்கொள்வோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே தானம் ஏது? கேட்பது நம் மாட்டை! ஆகவே பல்லையும் பார்ப்போம், கயிற்றையும் பார்ப்போம்.

அந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் சொற்கள் சில உண்டு. ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘திரும்பப் பெற இயலாதபடி’, ‘எங்களுக்கு மட்டும்’. கடைசிச் சொல்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. ‘எங்களுக்கு மட்டும்’ என்றால் எடுத்தவரான உங்களுக்கும் இல்லை என்று ஆகலாம். ஒரு வீடியோவின் பிரதி வேறெங்கே ஓடினாலும் கண்டுபிடிக்கும் ஏற்பாடு யூடியூபில் 2007 முதல் இருக்கிறது. உரிமையாளர் என்று பதிவு செய்துகொண்டவர் விளம்பர வருமானத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். உங்கள் பழைய வீடியோவின் ஒரு துண்டை நீங்களே புது வீடியோவில் சேர்த்தாலும், அந்த வருமானம் அவருக்குப் போகக்கூடும். உரிமை மீறல் என்று 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சேனலையே நீக்கிவிடலாம் என்பது யூடியூபின் விதி.

இன்னொரு வரியும் இருக்கும்: “இந்த வீடியோவில் உள்ள அனைத்தும் என்னுடையவை, வழக்கு வந்தால் நஷ்டத்தை நானே ஏற்கிறேன்.” ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்கு. அந்தப் பாட்டு நம்முடையதா? அருகில் ஆடிய மற்றப் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டோமா? பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ என்றால், அதை விற்க நாம் யார்?

நம் தமிழினத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பாரதியார் 1921இல் மறைந்த பின் அவர் எழுத்துக்களின் உரிமை கைமாறியது. ஒலிப்பதிவு உரிமை தனியாகப் பிரிந்து ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு எழுந்தது. நாடே பாடும் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று தமிழ்நாடு கொதித்தது. செட்டியார் தம் உரிமையை விலை வாங்காமல் விட்டுக் கொடுத்தார். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது. கிராமபோன் காலத்தில் பிரித்துக் கொடுத்த ஓர் உரிமை, பேசும் படம் பெருகிய காலத்தில் எத்தனை மதிப்புப் பெற்றது பாருங்கள்! மகாகவிக்காக ஓர் அரசாங்கம் முன்வந்தது. நம் வீட்டுப் பாட்டியின் சமையல் வீடியோவுக்காக யார் வருவார்?

சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிராத பட்சத்தில், அந்த உரிமை காலாவதியாகும். அதனால்தான் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதிவிடுகிறார்கள்! விற்ற பிறகும் எடுத்தவர் தாமே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வெளிநாட்டுச் சட்டம், வெளிநாட்டு நீதிமன்றம் என்று இருந்தால், முலுண்டிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய் வழக்காடுவது யார்?

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த குடும்பத்தில், சாக்கு ஓட்டத்தில் விழுந்து அழுத ஐந்து வயதுப் பையனின் வீடியோவைச் சொற்பத் தொகைக்குக் கொடுத்தார்கள். அது சிரிப்பொலி சேர்த்து எங்கெங்கோ ஓடியது. இன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் அவன் பெயர் ‘சாக்கு’. எடுத்துவிடுங்கள் என்று தகப்பனார் எழுதியதற்கு, ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று பதில் வந்தது. நம் சட்டப்படி, வெளியான வீடியோவின் பதிப்புரிமை அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு நிற்கும். அந்தப் பையன் தாத்தாவாகும் வரை! குழந்தையின் அழுகையை விற்க நமக்கு உரிமை இருக்கலாம், நியாயம் இருக்கிறதா?

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஒரு தந்தை, தம்பி அண்ணனின் விரலைக் கடிக்கும் வீடியோவை, தொலைவில் இருந்த வேண்டியவர் பார்க்கட்டும் என்று 2007இல் யூடியூபில் போட்டார். நாம் ஊருக்கு அனுப்புகிறோமே, அது போலத்தான். 2021இல் அந்தக் குடும்பம் அதன் டிஜிட்டல் பிரதியை ஏலம் விட்டபோது 7,60,999 டாலர் கிடைத்தது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் உரிமை கையில் இருந்ததால்தான் வாய்த்தது.

ஆகவே, கொடுப்பதானால் குத்தகைக்குக் கொடுங்கள், கிரயம் வேண்டாம். இன்ன நிகழ்ச்சிக்கு, இத்தனை மாதத்துக்கு, இன்ன தொகைக்கு என்று எழுதி வாங்குங்கள். ‘எங்களுக்கு மட்டும்’ என்பதை அடிக்கச் சொல்லுங்கள். பங்கு என்றால் கணக்கு எப்போது காட்டுவார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற நிறுவனம் நமக்கு வேண்டாம்.

நம் சங்கத்திலும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் அவர்கள் அமர்ந்து, இத்தகைய ஒப்பந்தங்களைப் படித்துச் சொன்னால் பல குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். ஆண்டு விழா வீடியோக்களைப் பெற்றோர் சம்மதமின்றி எவருக்கும் தருவதில்லை என்று செயற்குழு ஒரு தீர்மானமும் போடலாம். ஊரை விட்டு வந்த நாம் நிலத்தையும் வீட்டையும் பெரும்பாலும் அங்கேயே விட்டு வந்தோம். இங்கே நாம் சேர்த்த சொத்தில் நம் பிள்ளைகளின் முகமும் குரலும் அடங்கும். அதை ஒரு ‘யெஸ்’ஸுக்கு விட்டுவிடலாமா? வாசகர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.