கருவ நெத்து ஊருக்கே சொந்தம்! கருவ மரம் வேரோடு போகணும்!



கண்மாய்க்குள்ள இறங்கிப் பாருங்க. தண்ணி நிக்க வேண்டிய இடத்துல சீமைக்கருவை நிக்குது. வரத்துக்கால்ல கருவை, களத்துமேட்டுல கருவை, நாலு வருஷம் தரிசாக் கிடந்த பட்டா நிலத்துலயும் கருவை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சீமையில் இந்தத் துன்பத்தைச் சொல்லித் தெரிய வேண்டிய விவசாயி ஒருவரும் இல்லை.

இது நம் மண்ணில் பிறந்த மரமல்ல. மெக்சிகோ, கரீபியன் தீவுப் பக்கத்து மரம். 1877-ல் வெள்ளைக்கார அரசின் வனத்துறை விதையை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைச் சீமையில் ஊன்றியது. விறகுக்கு ஆகும் என்றார்கள். விருந்தாளியாக வந்தது வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது!

மரத்தை வெட்டுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் நெத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. அதைப் பேசத்தான் இந்தத் துண்டறிக்கை.

நம்ம ஆட்டு வயித்துல யாரு விதைக்கிறது?

கோடையில் புல் கருகிப் போகும். அப்போது கருவ நெத்து மஞ்சளாகி உதிரும். பசித்த ஆடு ஓடி ஓடித் தின்னும். நெத்தின் சதை இனிப்பு, அது செரித்துவிடும். உள்ளே இருக்கும் விதை கல்லு மாதிரி. அதில் பல செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வரும். குடலுக்குள் ஊறி வந்ததால் சீக்கிரம் முளைக்கவும் செய்யும். ஒரு நெத்தில் பத்துக்குக் குறையாமல் விதை. ஒரு மரத்தில் எத்தனை ஆயிரம் நெத்து! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எருவுக்காகக் காசு கொடுத்துக் கிடை போடுகிறோம். எருவும் வருகிறது, கூடவே கருவையும் வருகிறது. மிளகாய்த் தோட்டத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றைப் பிடுங்கக் கூலி கொடுப்பது யார்? நாம்தானே!

அந்த நெத்து உதிர்ந்து ஆடு வாய்க்குப் போகும் முன்னே பொறுக்கி, காயவைத்து, விதையும் நொறுங்க அரைத்துவிட்டால்? விதை சாகும். தீவனம் கிடைக்கும். நூறு கிலோ நெத்தில் சுமார் பத்து கிலோ புரதம் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. தவிடும் புண்ணாக்கும் விற்கிற விலையில் இதைக் காலடியில் போட்டு மிதிக்கலாமா?

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் தோஹோனோ ஓதாம் என்னும் ஆதிகுடி மக்கள் இந்த இனத்து மரங்களின் நெத்தைப் பாறைக்குழியில் இடித்து மாவாக்கி, தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தவர்கள். பெரு நாட்டின் வடக்கே இதன் பங்காளி மரத்து நெத்தைக் காய்ச்சிக் கறுப்புப் பாகு எடுத்துக் கடையில் விற்கிறார்கள். நம் நாட்டிலேயே ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் இந்த நெத்தைக் கால்நடைத் தீவனமாகவும், வறுத்துக் காப்பிப் பொடி போலவும் செய்து காட்டியிருக்கிறது.

கென்யா நாட்டு பரிங்கோ மக்களின் கதையையும் கேளுங்கள். 1980-களில் அங்கே இந்த மரத்தைத் திட்டம் போட்டு நட்டார்கள். மேய்ச்சல் நிலம் போனது. இனிப்பு நெத்தை ஓயாமல் தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்தது. 2006-ல் மக்கள் அரசு மேலேயே வழக்குப் போட்டார்கள். பல்லுப் போன ஆட்டையே சாட்சியாக நீதிமன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்! அதே மக்கள் நெத்தைப் பொறுக்கித் தீவனத்துக்கு விற்கவும் பழகினார்கள். வழக்கும் போட்டார்கள், நெத்தையும் விற்றார்கள். நமக்கு வேண்டியதும் அந்த இரண்டு கையும்தான்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்!

நெத்தில் வருமானம் வந்ததும் ஒரு கூட்டம் கிளம்பும். "இவ்வளவு நல்ல மரத்தை ஏன் பிடுங்கணும்? இருந்துட்டுப் போகட்டுமே" என்பார்கள். கரிமூட்டக் கணக்கிலும் இதே பேச்சைத்தான் கேட்டோம். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும் மரம் இது. வெட்டிக் கரி சுடுகிறவருக்கு அது அட்சய பாத்திரம், விதைக்கிறவருக்கு அது தலைவலி. எத்தியோப்பியாவின் அபார் பகுதியில் இதைக் கரி சுட்டே ஒழிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். நாட்டு மரங்களும் சேர்ந்து மூட்டத்துக்குள் போனதுதான் மிச்சம். பயன்படுத்தினாலே ஒழிந்துவிடும் என்பது ஏமாற்று வேலை.

நெத்து பொறுக்குவது இந்த மரம் மேலும் பரவாமல் தடுக்க. நிலத்தை மீட்க வேரோடு பிடுங்கியே ஆகணும். இரண்டும் ஒன்றாக நடக்கணும்.

அரசு என்ன செய்தது? 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாவட்டம் மாவட்டமாக இயந்திரம் இறங்கியது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு அயல் படர் தாவரங்களை அகற்றக் கொள்கையே வெளியிட்டது. காகிதம் வந்தது; கண்மாய் எங்கே மீண்டது? ஏலம் எடுத்தவர் தடித்த கட்டையை ஏற்றிக்கொண்டு போகிறார். தூரும் விதையும் ஊருக்கு மிஞ்சுகிறது. லாபம் லாரியில், நஷ்டம் நம் வயலிலா?

நெத்து எடுப்போர் கவனத்துக்கு

நாட்டுக் கருவேலங்காய் மணி கோத்தாற்போல் இருக்கும். சீமைக்கருவை நெத்து தட்டையாக, மஞ்சளாக, லேசாக வளைந்திருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள்.

மரத்தில் பழுத்ததைத் தொரட்டியால் உலுக்கிச் சாக்கின் மேல் விழச் செய்யுங்கள். மழையில் நனைந்ததும் பூசணம் பிடித்ததும் வேண்டவே வேண்டாம், அது விஷம்.

ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை காயவையுங்கள். ஈரம் இருந்தால் சர்க்கரை பாகாகி மில்லில் ஒட்டிக்கொள்ளும். மாவு மில் கல்லுக்கு இது ஆகாது. சுத்தியல் போட்ட தீவன அரவை மில்தான் வேண்டும்.

தீவனக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். இதையே மாதக்கணக்கில் போட்டால் மாட்டுக்குத் தாடை நடுங்கும், மெலிந்து போகும்.

மனிதர் உண்ணும் மாவு, பலகாரம் எல்லாம் நம் ஊர் நெத்தை ஆய்வகத்தில் சோதித்துத் தேறிய பிறகுதான். நம் பிள்ளைகள் வயிறு சோதனைக் கூடமல்ல.

எங்கள் கோரிக்கைகள்

1. கண்மாய், புறம்போக்குக் கருவ நெத்தை எடுக்கும் உரிமை அந்தந்த ஊர் மக்களுக்கே. அதற்கு ஏலமும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம்.

2. கோடையில் நெத்துக் கொள்முதல் நிலையம் திறக்க வேண்டும். பொறுக்கும் பெண்களின் கூலி கட்டும்படி அரசே விலை அறிவிக்க வேண்டும். முள்ளுக்குள் நுழைகிறவர் காலுக்குச் செருப்பும் கைக்கு உறையும் தர வேண்டும்.

3. ஒன்றியத்துக்கு ஓர் அரவை மில். அதை மகளிர் குழுவும் விவசாயிகளும் நடத்த வேண்டும்.

4. நம் மாவட்ட நெத்தைச் சோதித்து, உணவுக்கு ஆகுமா என்ற முடிவைத் தமிழில் அச்சடித்து ஊருக்கு ஊர் ஒட்ட வேண்டும்.

5. மர ஏல ஒப்பந்தத்தில் தூர் பிடுங்கும் நிபந்தனை வேண்டும். பிடுங்காதவர் கட்டிய வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்து, அந்தக் கண்மாய்க்கே செலவிட வேண்டும்.

6. சிறு விவசாயி பட்டா நிலத்துக் கருவையை அரசுச் செலவில் வேரோடு அகற்ற வேண்டும். பிடுங்கிய இடத்தில் விதைக்கச் சோளம், குதிரைவாலி விதை கொடுக்க வேண்டும்.

விவசாயிகளே! மே 1 கிராம சபை, நெத்து உதிரும் காலத்திலேயே வருகிறது. ஊருக்கு ஊர் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதுங்கள். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றால் எழுந்திருக்காதீர்கள். மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு ஒரு சாக்கு நெத்தையும் தூக்கி வாருங்கள். மேசையில் கொட்டிக் கேட்போம்: இது யாருக்குச் சொந்தம்?

நெத்து நமக்கு! நிலம் நமக்கு! கண்மாய் தண்ணிக்கு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!